திருப்பிக் கொடுக்கும் தேதி

அத்தியாயம் 14

போன வாரம் வந்த கடிதங்களைப் படித்த பிறகு, நான் எழுதுவது தொடர்கதையா, கார் வியாபாரமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதிப் பேர் "வாங்கிவிடச் சொல்லுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "குத்தகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்" என்கிறார்கள். துறையூரிலிருந்து ஒருவர், தம்முடைய பழைய வண்டியை நியாயமான விலைக்குத் தரத் தயார் என்று போன் நம்பரோடு எழுதியிருக்கிறார். ஐயா, இவர்கள் போவது ஐரோப்பாவுக்கு!

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீடு. மிக்கேல் வாத்தியார் போன ஜூலையில் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சொந்த ஊரான வரதராஜன்பேட்டையில் அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி லீலா மேரியும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். அன்றிலிருந்து அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மகள் ஷாலினி மேரி பெரம்பலூரிலேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவோடு இருக்கிறாள். மகன் லியோ பிரபுவுக்கு ஜெர்மனியில் வேலை. லீவில் வந்தவன் அம்மாவைப் பார்த்துப் பயந்துபோய், "அப்பா ஆசைப்பட்ட மாதிரி லூர்து மாதா, பாத்திமா மாதா கோயிலுக்கெல்லாம் கார்லயே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று ஆரம்பித்தான். விசாவும் வந்துவிட்டது. வண்டியைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்று அண்ணனும் தங்கையும் ஏறக்குறைய முடிவு செய்திருந்த நேரத்தில்தான், எட்டு மாதமாக எதையும் கேட்காத அம்மா வாயைத் திறந்தாள்.

"உங்கப்பா சொந்த வண்டியில வர்றதாத்தான் மாதாகிட்ட பொருத்தனை வச்சிருந்தாரு."

பொருத்தனை என்றால் நேர்த்திக்கடன். அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் காலை. லியோ சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இட்லியை இடது கைப்பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"பொருத்தனைன்னா பொருத்தனைதான் ஷாலு. அதுல போய் நாம கை வைக்கக் கூடாது. வாங்கிடுவோம்."

"நீ கோயிலுக்குள்ள கால் வச்சு எத்தனை வருஷமாச்சு? திடீர்னு என்ன பக்தி?"

"பக்தி எனக்கில்லடி. அம்மா இந்த எட்டு மாசத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்காங்க. அதையும் வேணாங்கிறியா?"

இதைக் கேட்டதும் ஷாலினிக்குக் கோபம்தான் வந்தது. லீவில் வந்து ஒரு மாதம் இருப்பவன் அம்மாவுக்காகப் பேசுகிறான். வருஷம் பூராவும் கூடவே இருப்பவள் அம்மாவுக்கு எதிரியாகிவிட்டாள்.

"நான் வேணாங்கல. பழைய வண்டி வாங்குனா ஸ்பெயின்ல நடுரோட்ல நிக்கும். அங்க எந்த மெக்கானிக்கை நீ தேடுவே? அம்மா முதுகு வலியோட ரோட்ல உக்காந்திருக்கணுமா? லீஸ்னா புது வண்டி. ரிப்பேர், இன்சூரன்ஸ் எல்லாம் அவங்க பாடு. கொண்டுபோய் சாவியைக் குடுத்துட்டு ஃப்ளைட் ஏறலாம்."

விஷயம் இதுதான். ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருக்கிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தால், பிரான்சில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. புத்தம்புது வண்டியை நம் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள். என்றைக்குத் திருப்பிக் கொடுப்போம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அந்தத் தேதியில் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். லியோ அங்கேயே குடியிருப்பவன் என்பதால் அவன் பெயரில் தர மாட்டார்கள். ஷாலினி பெயரில்தான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்பதால், ஜூன் ஒன்றாம் தேதி என்று அவள் குறித்து வைத்திருந்தாள்.

வாங்குவது என்றால் லியோ பெயரில், அவனுடைய ஸ்டுட்கார்ட் விலாசத்தில் வாங்க வேண்டும். பழைய வண்டி. எப்போது விற்கிறானோ அதுவரை அவன் வீட்டு வாசலில் நிற்கும். தேதி கிடையாது.

எதுவானாலும் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். மே மாதத்துக்கு வண்டி வேண்டுமானால் இதுதான் கடைசி நாள் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் லீலா மேரி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். ஷாலினி சண்டை போட்டுக்கொண்டே அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அடக்கத்தன்று லீலா மேரி அழவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. கல்லறைத் திருநாளன்று வரதராஜன்பேட்டையே கல்லறைத் தோட்டத்தில் கூடி நின்று அவளைத்தான் பார்த்தது. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நட்டுவிட்டு, "போலாமா?" என்றாள். இப்படியே உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் உடம்புக்கு ஆகாது என்று அத்தைமார்களெல்லாம் ஷாலினியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இவளுக்கு இதுவே வேலை.

"அம்மா, நீயே சொல்லும்மா. என்ன பண்ணலாம்?"

"எனக்கென்னடி தெரியும்? உங்கப்பா சொன்னதைச் சொன்னேன்."

"சொந்த வண்டின்னா என்னன்னு சொன்னாரு? காசு குடுத்து வாங்குனதா? பேப்பர்ல பேரு இருந்தா போதுமா?"

"அதெல்லாம் விவரமா சொல்லல."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சண்டை வந்தால் விஷயம் சாமியாரிடம் போகும். மிக்கேல் வாத்தியார் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பதைக்கூட சாமியாரிடம்தான் கேட்டார். சாமியார், "எஞ்சினியரைக் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார் என்பது வேறு விஷயம்.

"சரி, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போவோம். சாமியார்கிட்டயே கேட்ருவோம். அவரு வாங்கச் சொன்னா வாங்கிடலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள் ஷாலினி.

லீலா மேரியின் கை நின்றது.

"அதுக்குப் போய் சாமியாரா? அவருக்கு வேற வேலை இல்லையா?"

"பொருத்தனை விஷயம்மா. அவருகிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேக்குறது?"

லியோவுக்கு மத்தியானம் ஆபீஸ் மீட்டிங் இருந்தது. வீட்டிலிருந்தே பேசியாக வேண்டும். அவன் வரவில்லை. அம்மாவும் மகளும் மட்டும் அப்பாவின் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

போகிற வழியில் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வேலை இருந்தது. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டை ஷாலினி வாங்க வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த நாட்டுக்கும்மா?"

"பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் சார்."

"அங்கல்லாம் ரைட் சைடுல ஓட்டணுமே. ஓட்டிருவீங்களா?"

"பழகிக்கணும் சார்."

"நம்ம நாலு ரோட்ல பாதிப் பேரு ரைட் சைடுலதான் வர்றான். அவனுங்களைச் சமாளிச்ச உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று சீல் வைத்துக் கொடுத்தார்.

ஷாலினி சிரித்துவிட்டாள். காருக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னாள். லீலா மேரியும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தமிழழகன்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவனைத் தெரியும். ஷாலினி பள்ளியில் கணக்கு வாத்தியார். ஜூனில் கோயம்புத்தூரில் வேறு பள்ளிக்குப் போகிறான். கல்யாணம் செய்துகொண்டு சேர்ந்தே போகலாம் என்று கேட்டான். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் இவள் சொல்லிவிட்டாள். அவன் மதத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்ற ஒரே காரணத்தைத்தான் சொன்னாள். அதையும் தைரியமாகத்தான் சொன்னாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

போன் அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலையா?" என்றாள் லீலா மேரி.

"அப்புறம் பேசிக்கலாம்மா."

அரியலூர் போகும் வரைக்கும் சிமென்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கீழப்பழுவூர் தாண்டி, திருமானூர் தாண்டி ஏலாக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது.

அடைக்கல மாதா கோயில் வாசலில் சாமியார் ஒரு புது டிராக்டரை மந்திரித்துக்கொண்டிருந்தார். டிராக்டருக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். ஓட்டி வந்தவர் குடும்பத்தோடு கைகட்டி நின்றார். தீர்த்தம் தெளித்து முடித்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்த பிறகுதான் சாமியார் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"தோத்திரம் சாமி."

"தோத்திரம். அடடே, மிக்கேல் வாத்தியார் வூட்டம்மா! வாங்க வாங்க. வேப்ப மரத்தடியில உக்காருங்க, உள்ள கரண்ட் இல்ல."

ஷாலினி எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி, வாங்கினால் இன்னது, குத்தகை என்றால் இன்னது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். சாமியார் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டார்.

"பொருத்தனை எப்ப வச்சாரும்மா?" என்று லீலா மேரியைக் கேட்டார்.

"பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு சாமி... இங்க வந்தப்ப."

ஷாலினி நிமிர்ந்து பார்த்தாள். ஆபரேஷன் முடிந்து அப்பாவை அழைத்துக்கொண்டு போனது வேளாங்கண்ணிக்கு. அவள்தான் கார் ஓட்டினாள். அதன் பிறகு அப்பா ஏலாக்குறிச்சிப் பக்கம் வரவே இல்லை. அம்மாவுக்கு ஞாபகம்கூடத் தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். சாமியார் முன்னால் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

"குத்தகை வண்டி பேப்பர் யாரு பேர்ல இருக்கும்?"

"எம் பேர்லதான் சாமி. திருப்பிக் குடுக்கிற வரைக்கும் எம் பேருதான்."

சாமியார் சிரித்தார். வாசலைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த டிராக்டரைக் கையால் காட்டினார்.

"அந்த டிராக்டரைப் பார்த்தீங்கல்ல? அது யாருது? முக்கால்வாசி பேங்க்குது. இது பேங்க் டிராக்டராச்சே, மந்திரிக்க மாட்டேன்னா சொன்னேன்? மாதா என்ன, ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்துட்டா அருள் குடுக்கப் போறாங்க? தாராளமா குத்தகைக்கு எடுங்க. அது சொந்த வண்டிதான்."

"கேட்டியாம்மா?" என்றாள் ஷாலினி.

லீலா மேரி தலையாட்டினாள்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்" என்றார் சாமியார். "பொருத்தனை வச்சவரே போயிட்டா, அதை நீங்க நிறைவேத்தித்தான் ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் கிடையாது. போனா நிம்மதின்னு தோணுனா போங்க. இல்லைன்னா வூட்ல உக்காந்து செபமாலை சொல்லுங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க டீச்சர்."

"சரிங்க சாமி" என்று எழுந்தாள் லீலா மேரி. கோயிலுக்குள் போகலாமா என்று ஷாலினி கேட்டதற்கு, "வெயிலா இருக்கு, போலாம்" என்றாள். உள்ளே வெயில் ஏது? ஷாலினிக்கு அது அப்போது உறைக்கவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. அண்ணனுக்கு உடனே போன் போட்டாள்.

"சாமியார் எம் பக்கம்! குத்தகைதான். நீ அந்தக் கம்பெனிக்காரன் பக்கத்தைத் திறந்து எல்லாத்தையும் எழுதி வை. தேதியை மட்டும் போடாத. ஜூன் ஒண்ணா, மே முப்பத்தொண்ணான்னு லீவு லிஸ்ட்டைப் பார்த்துட்டு நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

"எனக்கும் அதுதான் சவுகரியம்" என்றான் லியோ. காலையில் பொருத்தனைக்காக உயிரைக் கொடுத்தவன் சாயங்காலம் இப்படிச் சொன்னான். பழைய வண்டியை விற்கிற தலைவலி போயிற்றே என்றிருந்திருக்கும்.

திருமானூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். புளிய மரத்து நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு, ஷாலினி போய் இரண்டு டீ வாங்கிவந்தாள். அம்மா காரிலேயே உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எதிரே ரோட்டைப் பார்த்தாள்.

"ஷாலு."

"ம்?"

"உங்கப்பா அப்படி ஒண்ணும் வேண்டிக்கல."

ஷாலினி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எப்படி?"

"சொந்த வண்டியில வர்றேன்னு. லூர்துக்குப் போவணும்னு சொல்லுவாரு. அதும் டிவியில காட்டுனா சொல்லுவாரு, அடுத்த நிமிஷம் மறந்துடுவாரு. பொருத்தனையெல்லாம் ஒண்ணுமில்ல. நானாத்தான் சொன்னேன்."

முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் லீலா மேரி. பொய் சொன்னால் என்ன, பொய்ச் சத்தியம் செய்தால் என்ன என்று பாவங்களை வரிசைப்படுத்திக் கேள்வி கேட்பாள். அவள் செத்துப்போன புருஷன் பெயரில் இல்லாத பொருத்தனையைச் சொல்லியிருக்கிறாள்! ஷாலினிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"சாமியார்கிட்டயுமா பொய் சொன்னே?"

"நீ கூட்டிக்கிட்டுப் போய் முன்னாடி நிறுத்துனா நான் என்னடி பண்றது?"

"எதுக்கும்மா? உனக்கு லியோ பேர்ல கார் வாங்கணும்னு ஆசையா? சொல்லியிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"கார் எதுவா இருந்தா எனக்கென்ன? நீ தேதி போட்டிருந்தே."

"என்ன தேதி?"

"திருப்பிக் குடுக்கிற தேதி. ஜூன் ஒண்ணாந் தேதி. கிளம்பக்கூட இல்ல, அதுக்குள்ள திரும்பி வர்ற நாளை எழுதிட்டே. உங் கையெழுத்து வேற போடுவே. எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு."

ஷாலினிக்கு இன்னும் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது, புரியாத மாதிரி இருந்தால் நல்லது என்று நினைத்தாள். டம்ளரை டேஷ்போர்டில் வைத்தாள்.

"விசாவே தொண்ணூறு நாளுதாம்மா. என்னைக்கு இருந்தாலும் வந்துதான ஆவணும்?"

"தெரியும். நான் என்ன, படிக்காதவளா? அதுக்குள்ள என்னமோ நடக்கும், லியோ எதாச்சும் பண்ணுவான், அப்படியே அங்கயே இருந்துடலாம்னு ஒரு நெனப்பு. நடக்காதுன்னு தெரியும். படுத்துக்கிட்டு அதையே நெனச்சுப் பார்ப்பேன். இந்த எட்டு மாசத்துல எனக்கு அந்த ஒரு நெனப்புத்தான் நல்லா இருந்துச்சுடி."

"இங்க என்னம்மா கொறை உனக்கு? நான் பார்த்துக்கலையா?"

"பார்க்கிறே" என்றாள் லீலா மேரி. "அதான்."

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது போகும் வரை அவள் காத்திருந்தாள்.

"காலையில எந்திரிச்சா மூஞ்சியைப் பார்க்கிறே. சோத்துல கை வச்சா பார்க்கிறே. கோயில்ல பாட்டுப் படிக்கிறதை விட்டுட்டுப் பார்க்கிறே. இப்ப அழுவாளா, அப்புறம் அழுவாளான்னு. எனக்கு வரலடி. நானும் முயற்சி பண்ணிப் பார்த்தேன். அவரு சட்டையை எடுத்து வச்சுக்கிட்டுக்கூடப் பார்த்தேன். மரத்துப்போச்சு. ஊர்ல எல்லாரும் பார்க்கிறாங்க, அது போவட்டும். நீ பார்க்கிறதுதான் தாங்கல."

ஷாலினி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓடவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதமாக அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, பக்கத்திலேயே படுத்தது, பள்ளிக்கூட டூர் எதற்கும் போகாமல் இருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவளுக்கு ஆத்திரம் வர வேண்டும். வரவில்லை.

"அந்தத் தமிழழகன் தம்பிகிட்ட நீ வேண்டாம்னதும் தெரியும்" என்றாள் அம்மா. "அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அம்மாவை விட்டுட்டு வர முடியாதுன்னே. நான் உன்னை இருன்னு கேட்டேனா?"

"கேக்கல."

"நீ நல்லா இருக்கணும்னுதான் நான் போவணும்னு நெனச்சேன்னு சொல்லலாம். கேக்க நல்லாருக்கும். அதும் பொய்யாப் போவும். சாமியார்கிட்ட சொன்னதே போதும் இன்னைக்கு. எனக்காகத்தான் போவணும்னு இருந்துச்சு."

ஷாலினி ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"என்னை விட்டுட்டாம்மா?"

லீலா மேரி யோசித்தாள். மழுப்புவதற்காக யோசித்த மாதிரி தெரியவில்லை. உண்மையைத் தேடிப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

"ஆமா" என்றாள்.

போன் அடித்தது. லியோ. ஷாலினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷாலு, எல்லாம் எழுதியாச்சு. உம் பேரு, பாஸ்போர்ட், லைசென்ஸ் எல்லாம் போட்டாச்சு. திருப்பிக் குடுக்கிற தேதி மட்டும் பாக்கி. ஒண்ணா, முப்பத்தொண்ணா? சீக்கிரம் சொல்லு, கடையைச் சாத்திருவான்."

அம்மா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

"அண்ணே."

"சொல்லு."

"அதை அழிச்சிடு. நீ உம் பேர்ல ஒரு வண்டி வாங்கிடு."

"என்னடி? சாமியார் குத்தகைன்னு சொன்னாருன்னே!"

"சொன்னாரு. நீ வாங்கிடு. நல்லா செக் பண்ணி வாங்கு, அம்மாவுக்கு முதுகு வலி இருக்கு. அப்புறம், எனக்கு டிக்கெட் போடாத. நான் வரல."

"ஏய், என்ன ஆச்சு? அம்மா பக்கத்துல இருக்காங்களா? அம்மாகிட்ட குடு!"

ஷாலினி போனை அணைத்தாள். கீழே இறங்கிப்போய் டீக்கடையில் இரண்டு டம்ளரையும் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்று நிரம்பியபடியே இருந்தது. கடைக்காரர், "ஏம்மா, டீ நல்லால்லையா?" என்று கேட்டார். "நல்லாருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

"நீயும் வாடி" என்று அம்மா இப்போது சொல்வாள் என்று நினைத்தாள். வண்டியை எடுக்கும்போது சொல்வாள் என்று கொஞ்சம் தாமதித்துச் சாவியைத் திருப்பினாள். வேறொன்றும் வேண்டாம், அந்த இரண்டு வார்த்தை போதும். கம்பெனிக்காரன் கடையைச் சாத்தினால் சாத்தட்டும், நடந்தாவது லூர்துக்குப் போய்விடலாம்.

அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். கீழப்பழுவூர் வந்தது. அரியலூரில் லாரிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றார்கள். பேசுவதற்கு நிறைய நேரம் இருந்தது.

பெரம்பலூர் வந்துவிட்டது. வாசலில் லியோ போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். லீலா மேரி கதவைத் திறந்து இறங்கினாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள், மகனைத் தாண்டி உள்ளே போனாள்.

அந்த இரண்டு வார்த்தையை அவள் சொல்லவே இல்லை.